அந்த ஆந்தையை நாங்கள் சாப்பிட்டோம்

காயும் முட்டையும் தட்டில் அடுக்கி நான் செய்த ஆந்தையின் படத்தை ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்தேன். அதை எடுத்து, "பசியில் வாடுபவர்கள் இருக்கும் உலகத்தில் சாப்பாட்டோடு விளையாடுகிறார்கள்" என்று பகிர்ந்தவர் யார், அதற்குக் கீழே யார் யார் கைதட்டினார்கள் என்பதெல்லாம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முடியவில்லை.

அந்த ஆந்தையை நாங்கள் சாப்பிட்டோம். படம் எடுத்த பத்தாவது நிமிடம் சாப்பிட்டோம். சிறகாக அடுக்கிய வெள்ளரிக்காய், கண்ணுக்கு வைத்த அவித்த முட்டை, அலகாக இருந்த கேரட், எல்லாம். கருவிழிக்கு வைத்த இரண்டு மிளகும், சீவிய கேரட் தோலும் அன்று ராத்திரி சூப்பில் போயின. இதில் எது வீணானது?

"அப்படியே நறுக்கி வைத்தால் தொண்டையில் இறங்காதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இறங்கும். எங்கள் வீட்டில் ஒருத்திக்கு இறங்கவில்லை.

அக்காவுக்குச் சிகிச்சை நடந்த மாதங்களில், எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குவது போல இருக்கிறது என்பாள். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் கெஞ்சுவேன், திட்டுவேன், அப்புறம் சமையலறைக்குள் போய் அழுவேன். ஒருநாள் என்னவோ தோன்றி, ஆப்பிளை மெல்லிய துண்டுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி அன்னம் மாதிரி ஒன்று செய்தேன். கழுத்து கோணல். "என்னடி இது, வாத்தா?" என்றாள். கேட்டுக்கொண்டே சிறகிலிருந்து ஒரு துண்டை உருவி வாயில் போட்டாள். முழு ஆப்பிளையும் சாப்பிட்டுவிட்டாள் என்று சொல்லமாட்டேன். நான்கு துண்டு. அந்த நான்கு துண்டுக்காகத்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். வெட்டிய ஆப்பிளில் காற்று பட்டால் அதிலுள்ள நொதி அதைப் பழுப்பாக்கிவிடும், எலுமிச்சைச் சாறு தடவினால் கொஞ்ச நேரம் தாங்கும். முள்ளங்கியைக் கீறி ஐஸ் தண்ணீரில் போட்டால் தானே பூவாக விரியும். விளையாட்டாம்.

"அழுகிப்போவதெல்லாம் கலையா?" என்று இன்னொருவர். பாட்டும்தான் பாடி முடித்தவுடன் காற்றோடு போகிறது. 1590ஐ ஒட்டி ஆர்ச்சிம்போல்டோ என்ற இத்தாலிய ஓவியர், பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் முகத்தையே பழங்களாலும் காய்களாலும் ஆனதாக வரைந்தார். அது ஓவியம்தானே என்பீர்கள். சரி, வியன்னாவில் 1998 முதல் காய்கறி இசைக்குழு ஒன்று இருக்கிறது. கேரட்டைக் குடைந்து குழல் செய்கிறார்கள், பூசணியைத் தட்டுகிறார்கள், கருவி செய்தது போக மிஞ்சிய காயில் சூப் வைத்துக் கச்சேரி முடிந்ததும் ரசிகர்களுக்கே கொடுக்கிறார்கள். அவர்களும் சாப்பிடுகிறார்கள். நாங்களும் சாப்பிட்டோம்!

மெக்சிகோவின் வாஹாகா நகரில் டிசம்பர் 23 அன்று நடக்கும் முள்ளங்கித் திருவிழாவில் சிற்பமாகச் செதுக்கும் முள்ளங்கிகள் சாப்பிட உதவாதவை, அதற்கென்றே வளர்ப்பவை. அதைக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சுவரில் டேப் போட்டு ஒட்டி, கலைப்படைப்பு என்று பல லட்சம் டாலருக்கு விற்ற வாழைப்பழத்தை என் தட்டோடு சேர்த்துப் பேசாதீர்கள். அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பசித்தவர்களைப் பற்றி நான் யோசிப்பதே இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கண்ணெதிரே ஒருத்தி பசி இருந்தும் சாப்பிட முடியாமல் மெலிந்துகொண்டே போனதை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும்தான் பார்த்தீர்கள் அண்ணா. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதில்லை, முதல் கல் உங்கள் கையிலிருந்து வந்ததுதான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

நேற்று அக்காவே போன் செய்து, "எதுக்கு வம்பு, அந்தப் படத்தை எடுத்துடு" என்றாள்.

எடுக்கமாட்டேன் அக்கா.