காசு கட்டிட்டு நிக்கிறவன் என்ன தூணா?

காபி ஷாப் கவுன்ட்டருக்கு நேர் எதிரே முழுசா ஒரு ஆள் நிக்கிறேன். பில் போட்டாச்சு, காசும் வாங்கியாச்சு. ஆனா உள்ளே இருக்கிறவங்க கண்ணெல்லாம் ஆப் ஆர்டர் வந்து விழுற அந்த டேப்லெட் மேலதான். 'டிங்'னு ஒரு சத்தம். வீட்ல சோபாவுல சாய்ஞ்சுக்கிட்டு ஆர்டர் போட்ட யாரோ ஒரு புண்ணியவானுக்கு மூணு கப் தயாராகுது. மறுபடி ஒரு டிங், இன்னும் ரெண்டு கப். எனக்கு அப்புறம் வந்த டெலிவரிக்காரர் வாங்கிட்டுப் போயே போயிட்டார். நான் இன்னும் பில்லை மடிச்சுக்கிட்டும் பிரிச்சுக்கிட்டும் நிக்கிறேன்.

கணக்கு நல்லாவே புரியுது. ஆப்ல வந்த ஆர்டர் லேட்டானா ரேட்டிங் விழும். நேர்ல வந்தவன் என்ன பண்ணிடுவான், கொஞ்ச நேரம் முணுமுணுத்துட்டு நிப்பான். நிக்கட்டும்!

வேலை பார்க்கிறவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. பில் போட, மெஷின்ல நிக்க, பார்சல் கட்ட, மேஜை துடைக்கன்னு எல்லாத்துக்கும் இருக்கிறது ஒரே பொண்ணு. அது பாவம், தண்ணி குடிக்கக்கூட நேரமில்லாம ஓடுது. சுவர்ல நியான் எழுத்து, கூரையிலருந்து பிளாஸ்டிக் கொடி, செல்ஃபி எடுக்க ஒரு ஊஞ்சல், இதுக்கெல்லாம் முதலாளிகிட்ட பணம் இருக்கு. இன்னொரு ஆளை வேலைக்கு வைக்க மட்டும் இல்லை.

எஸ்பிரெசோ, அதாவது மெஷின் அழுத்தி இறக்குற கெட்டி டிகாக்‌ஷன், ஒரு ஷாட் இறங்க 25லருந்து 30 நொடி. பாலைச் சூடாக்கி நுரைக்க அதே அளவு நேரம். அதுக்கா இவ்வளவு நேரம் காத்திருக்கணும்? சரி, காத்திருந்ததுக்காவது நல்லா இருக்கான்னா அதுவும் இல்லை. பால் 60, 65 டிகிரியில இருந்தா தானாவே ஒரு இனிப்பு தெரியும். 70ஐத் தாண்டினா வெந்த வாடைதான். இங்கே ஜக்குல மிஞ்சின பாலையே திரும்பத் திரும்ப சூடு பண்ணி ஊத்துறாங்க. காலையிலயே அரைச்சு வச்ச தூள் வேற. அரைச்ச நிமிஷத்துலருந்து வாசனை பறக்க ஆரம்பிச்சிடும், சாயங்காலம் அதுல என்ன மிஞ்சும்? மெஷினை ஒழுங்காக் கழுவாததால உள்ளே ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு காறிப்போய், குடிச்சு முடிச்ச பிறகும் நாக்குல நிக்குது. நீராவிக் குழாயில பால் காய்ஞ்சு பொருக்குத் தட்டியிருக்கு. அதைத் துடைக்கிற துணியாலதான் மேஜையையும் துடைக்கிறாங்க. என் கண்ணால பார்த்தேன், அதுக்கப்புறம் எப்படி இறங்கும்?

உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம்னா வாய்ப்பே இல்லை. தலைக்கு மேல ஸ்பீக்கர், பக்கத்துல காபி மெஷின், சுத்திலும் கண்ணாடியும் பூச்சில்லாத சிமென்ட் சுவரும். ஒரு சத்தமும் அடங்க வழியில்லை, எல்லாம் மோதித் திரும்பி வருது. சுத்தி இரைச்சல் கூடினா மனுஷன் தன்னையறியாம குரலை உயர்த்துவான்னு எத்தியேன் லொம்பார்ட்ங்கிற பிரெஞ்சு டாக்டர் 1911லயே சொல்லிட்டார். அதேதான் இங்கே நடக்குது. பாட்டு சத்தமா இருக்குன்னு இந்த மேஜை கத்துது, இந்த மேஜை கத்துதுன்னு அந்த மேஜை கத்துது, கடைசியில பாட்டே கேக்கலைன்னு எவனோ போய் வால்யூமை இன்னும் ஏத்துறான்! பக்கத்து மேஜைக்காரரோட வீட்டு லோன் விவரம் மொத்தமும் எனக்கு இப்போ மனப்பாடம்.

ஸ்டூலுக்கு முதுகு கிடையாது. மேஜை ஆடுது, காலுக்கடியில டிஷ்யூவை மடிச்சு நான்தான் முட்டுக் கொடுத்தேன். அரை கப் இருக்கும்போதே "சார், முடிச்சிட்டீங்களா?"ன்னு ஒரு கை நீளுது. கொண்டுவர்றதுல இல்லாத சுறுசுறுப்பு எடுத்துட்டுப் போறதுல மட்டும் எங்கேயிருந்து வருதோ!

சவுண்டைக் கொஞ்சம் குறைங்கன்னா, மேனேஜரைக் கேக்கணுமாம். மேனேஜர் எங்கேன்னா, வெளியே போயிருக்காராம். எப்ப வருவார்னா, தெரியாதாம். சரி, யார்கிட்டதான் சொல்றதுன்னு அங்கேயே நின்னு கேட்டா, பில்லுக்கு அடியில இருக்கிற கியூஆர் கோடைக் காட்டி, "ஆன்லைன்ல போடுங்க சார், உடனே பார்ப்பாங்க"ங்குது அந்தப் பொண்ணு.