பருப்பை நிறுத்தியாச்சு, பாலை?

சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தை வீறிட ஆரம்பித்தால், வீட்டில் இருக்கிற அத்தனை கண்ணும் பெற்றவளின் தட்டுக்குத்தான் போகும். "மத்தியானம் என்னம்மா சாப்பிட்டே?" சாம்பார் என்றால் பருப்பு வாயு. உருளைக்கிழங்கு அதைவிட வாயு. கத்திரிக்காய் கரப்பான், பூசணி குளிர்ச்சி, மாம்பழம் மாந்தம், முட்டை சூடு. ஒரு மாதத்துக்குள் அவளுக்கு மிஞ்சுவது குழைந்த சோறு, மிளகு ரசம், பூண்டுக் குழம்பு. குழந்தை அப்போதும் அழும். உடனே ரசத்தில் தக்காளி எதற்கு என்று அடுத்த விசாரணை.

வயிற்றெரிச்சல் எங்கே தெரியுமா? அதே வீட்டில் காலையில் ஒரு டம்ளர் பூண்டுப் பால், பதினோரு மணிக்கு சத்துமாவு பவுடர் கலந்த பால், சோற்றில் நெய், படுக்கப் போகும்போது மறுபடியும் பால். "அப்பத்தானே பால் ஊறும்!" தாய்ப்பால் வழியாக ஒவ்வாமை வருகிற குழந்தைகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாட்டுப்பால் புரதத்தைத்தான். அதை மட்டும் ஒருத்தரும் தொட மாட்டார்கள். தெருவில் போகிறவனை எல்லாம் லாக்கப்பில் தள்ளிவிட்டு, திருடனுக்கு இலை போட்டு விருந்து வைக்கிற கதை.

வாயு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பருப்பும் முட்டைக்கோசும் உண்டாக்கும் வாயு, தாயின் பெருங்குடலில் கிருமிகள் நார்ச்சத்தைப் புளிக்க வைப்பதால் வருவது. அது அங்கேயே உருவாகி அங்கிருந்தே வெளியேறும். தாய்ப்பால் தாயின் ரத்தத்திலிருந்து சுரக்கிறது; அதில் கொண்டைக்கடலையின் வாயு போய்க் கலக்க வழியே இல்லை. போவது என்னவென்றால், முழுதாகச் செரிக்காத புரதத் துணுக்குகள், அதுவும் நானோகிராம் கணக்கில். வாசனையும் போகும். அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம்: அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1991இல் வெளியான ஆய்வில், தாய் பூண்டு மாத்திரை சாப்பிட்ட பிறகு பூண்டு வாசனை ஏறிய பாலைக் குழந்தைகள் ஒதுக்கவில்லை, கூடுதல் நேரம் மார்பிலேயே இருந்தன.

அழுகை மட்டும் இருந்தால் அது ஒவ்வாமைக்குச் சாட்சி ஆகாது. இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறு வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்குவது பச்சைக் குழந்தையின் அழுகை. ஏழாவது வாரம் பருப்பை நிறுத்தினால் பத்தாவது வாரம் அழுகை குறையத்தான் செய்யும், நிறுத்தாவிட்டாலும் குறைந்திருக்கும். ஆனால் பெயர் வாங்குவது பருப்பை நிறுத்தச் சொன்னவர். பச்சையாக மலம் போவதும் அப்படியே. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் பத்து முறையும் போகலாம். ஆறு வாரத்துக்கு மேல் வாரத்துக்கு ஒரு முறையும் போகலாம். நுரைத்துப் பச்சையாகப் போய், குடிக்கும்போது புரையேறினால், பெரும்பாலும் பால் வரத்து அதிகம் என்று அர்த்தம். ஒரு பக்கத்தை நன்றாகக் குடிக்க விட்டபின் மறுபக்கம் மாற்றினாலே பாதி சரியாகும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? மலத்தில் இழை இழையாக ரத்தமும் சீதமும் திரும்பத் திரும்ப வந்தால். எண்ணெய், களிம்பு எதற்கும் அடங்காத கரப்பான் இருந்தால். சும்மா வாயோரம் வழிகிற கக்கலாக இல்லாமல் ஓயாத வாந்தியாக இருந்து, எடையும் ஏறாமல் நின்றால். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். ரத்தம் என்றாலும் முதலில் ஆசனவாயில் கீறல் இருக்கிறதா, தாயின் காம்பு வெடித்து அந்த ரத்தத்தைக் குழந்தை விழுங்கியதா என்று பார்க்க வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் மாட்டுப்பால் ஒவ்வாமை ஏறத்தாழ இருநூற்றில் ஒன்றுக்குத்தான். மீதி 199 பேரின் தாய்மார்களும் எதற்குப் பத்தியம் கிடக்கிறார்கள்?

பச்சைப் பித்தமாக வாந்தி, சிவப்பு ஜெல்லி போல மலத்தோடு விட்டு விட்டு வீறிடுவது, வயிறு உப்பிக் கல்லாவது, மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், துவண்டு போவது, உதடு வீங்கி மூச்சு இழுப்பது: இதற்கெல்லாம் உணவைப் பற்றி யோசிக்கவே நேரம் இல்லை. நேராக ஆஸ்பத்திரி. வசம்பு சுட்டுத் தேய்த்து நாக்கில் தடவிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு "பாலை நிறுத்திப் பாருங்க" என்கிறார். வீட்டில் டம்ளர் பாலை மட்டும் நிறுத்துவார்கள். மோர் குளிர்ச்சிதானே, நெய் மருந்துதானே, லேகியம் பிரசவத்துக்குத்தானே! அரைகுறையாக நிறுத்தினால் சோதனையே பாழ். தயிர், மோர், மோர்க்குழம்பு, நெய், வெண்ணெய், பனீர், பால்கோவா எல்லாம் போக வேண்டும். நெய்யிலும் துளிப் புரதம் தங்கும். பிரசவ லேகியம் கிண்டுவது அதே நெய்யில்தான். பிரியாணிக்குத் தயிரில் ஊறிய கறி, மோர் ஊற்றிய ரவா தோசை, வெண்ணெய் முறுக்கு, கடை ரொட்டி, ரஸ்க், பிஸ்கட் எல்லாவற்றையும் பாருங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் மில்க் சாலிட்ஸ், ஸ்கிம்டு மில்க் பவுடர், வே, கேசினேட் என்று எது இருந்தாலும் பால்தான். 2020இல் வந்த உணவு லேபிள் விதிப்படி ஒவ்வாமைப் பொருளைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும், அந்த ஒரு வரியைத் தேடினால் போதும். பாலூட்டும் தாய்க்கென்றே விற்கிற புரதப் பவுடர் டப்பாக்களில் பலவற்றிலும் பால் பவுடர்தான் அஸ்திவாரம்.

இதற்கு நடுவே அறிவாளிகள் வருவார்கள். "ஆட்டுப்பால் குடி." ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் கிட்டத்தட்ட அதே புரதங்கள், மாட்டுப்பாலுக்கு எகிறும் குழந்தை பெரும்பாலும் அதற்கும் எகிறும். "நாட்டு மாட்டு ஏ2 பால்." அதில் மாறியிருப்பது கேசின் என்ற புரதத்தில் ஒரு வகை மட்டும், மற்றப் புரதங்கள் அப்படியே இருக்கின்றன. "லாக்டோஸ் இல்லாத பால்." லாக்டோஸ் சர்க்கரை, புரதம் இல்லை. தாய்ப்பாலிலேயே 100 மில்லிக்கு 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, மாட்டுப்பாலைவிட அதிகம். தாய் எதைக் குடித்தாலும் அது குறையாது.

பாலை மட்டும் நிறுத்துங்கள், இரண்டு முதல் நான்கு வாரம். கூடவே முட்டை, கோதுமை, வேர்க்கடலை என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால், குழந்தை தேறியது எதனால் என்று கடவுளுக்கும் தெரியாது. ரத்தம் சில நாட்களிலேயே குறையலாம், கரப்பானுக்கு வாரங்கள் பிடிக்கும். தினமும் மலம், வாந்தி, தோல், தூக்கம் நான்கையும் ஒரு நோட்டில் குறியுங்கள். நான்கு வாரத்திலும் மாற்றம் இல்லையா? பால் காரணம் இல்லை, அன்றைக்கே தயிரை எடுத்துச் சாப்பிடுங்கள்.

குணமானால்தான் எல்லாரும் செய்யத் தவறும் வேலை வருகிறது: திரும்பச் சேர்ப்பது. "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வம்பு?" வம்புதான், ஆனால் சேர்க்காமல் எதுவும் நிரூபணம் ஆகாது. டாக்டரிடம் சொல்லிவிட்டு, தாய் ஒரு வாரம் பழையபடி பால், தயிர் சாப்பிட வேண்டும். அதே தொந்தரவு திரும்பினால் உறுதி. திரும்பாவிட்டால் அது தானாக ஆறியது. முன்பு உதடு வீக்கம், மூச்சிரைப்பு, சோர்ந்து வெளிறும் அளவு வாந்தி வந்த குழந்தைக்கு வீட்டில் இதைச் செய்யக் கூடாது. உறுதியானால் குழந்தைக்கு 9 முதல் 12 மாதம் ஆகும் வரை விலக்கி, பிறகு டாக்டர் சொல்படி சிறிது சிறிதாகப் பழக்கலாம். பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாண்டி வந்துவிடும்.

பாலை எடுத்த இடத்தில் எதை வைத்தார்கள்? ஒன்றும் இல்லை. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம், அதே அளவு முருங்கைக்கீரையில் 300க்கு மேல். எள்ளுருண்டை, நெத்திலிக் கருவாடு, அரசு ஆஸ்பத்திரியில் தருகிற 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை இரண்டு. இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, "உன் பாலே புள்ளைக்கு ஒத்துக்கல" என்று குழந்தைப் பால் பவுடர் டின் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்களே! தாய்ப்பாலில் வந்து சேர்வது நானோகிராம் என்றால், சாதாரண டின்னில் கிராம் கணக்கில் அதே மாட்டுப்பால் புரதம். லாக்டோஸ் இல்லாத டின்னிலும் அதேதான். உண்மையிலேயே டின் தேவைப்படும் குழந்தைக்கு, புரதத்தை நொறுக்கித் தயாரிக்கும் தனி வகை இருக்கிறது. டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும், விலையும் எகிறும். ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமை இல்லை என்று வந்தாலும் ரத்த இழைப் பிரச்சினை இல்லை என்று ஆகாது. அந்த வகை அந்தப் பரிசோதனையில் தெரியாது. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு நூறு உணவுக்கு ஐஜிஜி (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) பட்டியல் கொடுக்கும் லேபுக்குப் போகவே வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், "எந்தப் புரதத்தைச் சந்தேகப்படறீங்க, அதை நான் எத்தனை வாரம் நிறுத்திப் பார்க்கணும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேறு டாக்டரிடம் போங்கள்.