யாரும் பறிக்கவில்லை, அது எப்போதோ போய்விட்டது

விமான நிலையத்தில் இந்தியப் பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்று இரண்டோடு மாட்டிக்கொண்ட அந்த மனிதரைப் பற்றித்தான் மூன்று நாளாகப் பேச்சு. "இந்தியக் குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள்" என்று ஒரே கொதிப்பு. யாரும் பறிக்கவில்லை ஐயா. வெளிநாட்டில் உறுதிமொழி எடுத்து அந்த நாட்டின் குடிமகன் ஆன அன்றே அது போய்விட்டது.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 9ஆம் பிரிவு. விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை அத்தோடு முடிந்தது. யாரும் கடிதம் போட்டுச் சொல்ல மாட்டார்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துத் தூதரகத்தில் வாங்கும் சரண்டர் சான்றிதழ் வெறும் பதிவு. அதை வாங்காததால் குடியுரிமை மிஞ்சிவிடாது. பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்ததற்கு அபராதம்தான் மிஞ்சும்.

"இந்தியப் பாஸ்போர்ட்டில் 2031 வரை செல்லும் என்று போட்டிருக்கிறதே?" வீட்டை விற்ற பிறகும் சாவி பையில் கிடக்கலாம்.

"அமெரிக்காவும் பிரிட்டனும் இரண்டையும் அனுமதிக்கின்றனவே?" தாராளமாக அனுமதிக்கட்டும். இந்தியா அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான். (கிரீன் கார்டு வெறும் வசிப்புரிமை. அதனால் எதுவும் போகாது. அதையும் இதையும் குழப்பாதீர்கள்.)

அப்புறம் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடிமகன் ஆகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' அட்டை. பெயரில் 'குடிமகன்' இருப்பதால் பலருக்கு ஒரு ஆறுதல். ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அது வெறும் ஆயுட்கால விசாதான், அப்படிச் சொன்னால் மனசு வலிக்கிறதாம்! திரும்பக் குடிமகனாக வேண்டுமா? ஓ.சி.ஐ. பதிவாகி 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் இங்கே வசித்திருக்க வேண்டும், அந்த நாட்டுக் குடியுரிமையையும் விட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் நான் அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறேனாம். இந்தச் சட்டம் நியாயம் என்று நான் எங்கே சொன்னேன்? பிள்ளைகள் விஷயத்தைப் பாருங்கள். பெற்றோர் 8ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்துத் துறந்தால், அதோடு குடியுரிமை போன சிறு வயதுப் பிள்ளை 18 முடிந்து ஓராண்டுக்குள் குடியுரிமையைத் திரும்பக் கேட்கலாம். 9ஆம் பிரிவில் தானாகப் போயிருந்தால் அந்த வழி இல்லை என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வெளிநாட்டு உறுதிமொழி எடுத்தவரிடம் அதன்பின் துறப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்? கதவை வைத்துவிட்டு அதன்மேல் சுவரும் எழுப்பியிருக்கிறார்கள். கோபப்படுவதென்றால் இதற்குப் படுங்கள்.

இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்து, பிறப்பாலேயே இரண்டும் கிடைத்த பிள்ளைக்கு இன்னொரு கெடு: 18 முடிந்த 6 மாதத்துக்குள் அந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். விமான நிலையத்துக்காக மூன்று நாள் கொதித்தவர்களே, உங்கள் பிள்ளைக்கு 18 முடிந்து எத்தனை மாதம் ஆகிறது?