கோகோல் ஓடுனது பேரை விட்டா, அப்பாவை விட்டா?

ஜும்பா லாஹிரியோட ‘தி நேம்சேக்’ நாவலை இந்த வாரம் மறுபடி படிச்சேன். 2003ல வந்தது, மீரா நாயர் எடுத்த படத்தை நிறைய பேர் பாத்திருப்பீங்க. கதையோட ஹீரோ கோகோல் கங்குலியைப் பத்தி பேசுறவங்க எல்லாரும் பையன் வேரை மறந்து பேரை மாத்துனான், கடைசில திருந்திட்டான்னு முடிச்சிடுறாங்க. எனக்கு அதுல துளியும் உடன்பாடில்ல.

பெங்காலிங்க வீட்டுல கூப்பிட டாக்நாம், வெளிய ரெக்கார்டுக்கு பாலோநாம்னு ரெண்டு பேரு வைப்பாங்க. 1968ல அமெரிக்காவுல பொறந்த இந்தப் புள்ளைக்கு பாலோநாம் எழுதி கொள்ளுப்பாட்டி கல்கத்தாவுல இருந்து போட்ட லெட்டர் வந்து சேரவே இல்ல, ஆஸ்பத்திரிலயோ பேரு வைக்காம புள்ளைய வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்குறாங்க, அதனால அப்பா அசோக் தற்காலிகமா ரஷ்ய எழுத்தாளர் கோகோல் பேரை வைக்கிறாரு. ஆனா அவருக்கு அது சும்மா தோணுன பேரு இல்ல. 1961ல ரயில் தடம்புரண்டு இடிபாட்டுக்குள்ள அசைய முடியாம கிடந்தப்ப, படிச்சிட்டு இருந்த கோகோல் கதையோட ஒரு பக்கம் அவர் கையில கசங்கி இருந்துச்சு, அது நழுவி விழுந்ததைப் பாத்துதான் தேடி வந்தவங்க அவரைத் தூக்குனாங்க.

இதை அந்த மனுஷன் புள்ளகிட்ட ரொம்ப வருஷம் சொல்லவே இல்ல. என் ஆதங்கமே அதான். 14வது பிறந்தநாளுக்கு கோகோல் கதைப் புத்தகத்தை எடுத்துட்டு ரூமுக்கு வராரு, பையன் பீட்டில்ஸ் கேட்டுட்டு இருக்கான், இவரு எப்ப கிளம்புவாருன்னு பாக்குறான், சொல்லலாம்னு வந்தவரு சொல்லாமலே திரும்பிடுறாரு. இவன் எந்திரிச்சு கதவை சாத்தி தாழ் போட்டுட்டு புத்தகத்தை மேல் ஷெல்ஃப்ல செருகிடுறான். நாலு வருஷம் கழிச்சு கோர்ட்டுக்குப் போய் நிகில் ஆனது நமக்குத் தப்பா தெரியுது, ஆனா ஒளிய ஆரம்பிச்சது அப்பா தானே? எதையோ மறைச்சு வெச்ச பேரை ஒரு சின்னப் பையன் எப்படி ஆசையா சுமப்பான்?

பின்னாடி ஒருநாள் காருக்குள்ள உக்காந்து அப்பா எல்லாத்தையும் சொல்றாரு. அப்பவும் அவன் பழைய பேருக்குத் திரும்பல, நிகிலாவேதான் இருக்கான். லாஹிரி எழுதுனதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். காயம் ஆறணும்னா பேரு பழையபடி ஆகணும்னு இல்ல, அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். அதுவும் அவனுக்கு லேட்டாதான் கிடைக்குது. நாவல் முடியுறப்ப அப்பா போய் சேந்துட்டாரு, வீட்டை வித்தாச்சு, அம்மா பாதி வருஷம் கல்கத்தாவுல இருக்கப் போறாங்க. கோகோல்னு கூப்பிட இனி எத்தனை பேரு மிச்சம்?

எங்க ஆச்சி என்னை ‘சீனி’ன்னு கூப்பிடும். காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அப்படிக் கூப்பிட்டப்ப ஒருதடவை திரும்பிக்கூட பாக்காம நடந்தேன். ஆச்சி போயி ஆறு வருஷம் ஆச்சு, இப்ப அந்தப் பேரைச் சொல்ல ஆளே இல்ல. ஏன் சீனின்னு வெச்சுதுன்னு ஒருநாளும் நான் கேட்டதில்ல.

வீடு காலியாகுறப்ப அந்தப் புத்தகம் கோகோல் கையில சிக்குது. கீழ விருந்து நடந்துட்டு இருக்கு, எல்லாரும் இவனைத் தேடுறாங்க. இவன் பழைய ரூம்ல உக்காந்து அப்பா கையெழுத்தைப் பாத்துட்டு முதல் கதையைப் படிக்க ஆரம்பிக்கிறான்.