காலம் கெட்டுப்போச்சு

நான் சொல்வது கலிகாலத்தை அல்ல, புரதக் கரைசலிலிருந்து உப்பு நீக்கும் பி.டி-10 (PD-10) காலத்தை (column), அதாவது ஜெல் மணிகள் அடைத்த சின்னக் குழாயை.

மூன்று நாள் ஐயா, மூன்று நாள்! ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்து, செல்லை உடைத்து, நிக்கல் ஏற்றிய மணிகளில் புரதத்தைப் பிடித்து, இமிடசோல் என்ற வேதிப்பொருளை ஊற்றிக் கழற்றி, கடைசியில் இரண்டரை மில்லி புரதம் கைக்கு வந்தது. உப்பையும் இமிடசோலையும் நீக்கிவிட்டால் மதியமே வேலையை ஆரம்பிக்கலாம். போய்ப் பார்த்தால், யாரோ இரவல் வாங்கிய என் காலம் மேசை ஓரத்தில் நிற்கிறது. மேல்மூடி இல்லை, கீழே சுற்றியிருந்த பாராஃபிலிம் மெழுகுத்தாளும் இல்லை. உள்ளே ஜெல் கோடையில் வற்றிய ஏரியாக வெடித்து, சுவரைவிட்டு விலகிக் கிடக்கிறது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

"பஃபர் ஊற்றினா சரியாயிடுமே அக்கா" என்கிறான் ஒரு தம்பி; பஃபர் என்றால் அமில-கார நிலையைக் காக்கும் கரைசல். ஆகாதுடா! பெரிய புரதம் ஜெல் மணிக்குள் நுழைய முடியாமல் வெளியோடு வெளியாக முதலில் இறங்கும். சின்ன உப்பு ஒவ்வொரு துளையாகப் புகுந்து புறப்பட்டுப் பின்னால் வரும். வித்தையே அவ்வளவுதான். விரிசல் விழுந்தால் இரண்டும் ஒரே சந்தில் கைகோத்து இறங்கும். 1959-இல் ஸ்வீடனில் செஃபடெக்ஸ் என்ற இந்த ஜெல் வந்த நாளிலிருந்து இதுதான் நிலைமை.

ஒருமுறை ஓட்டித் தூக்கிப்போட நாம் ஒன்றும் ஜமீன் இல்லை, சரி. நானும் நாலைந்து முறை ஓட்டுகிறவள்தான். ஆனால் கழுவி, 20 சதவீத எத்தனால் விட்டு, மூடி வைக்கக் கை வலிக்கிறதா?

இதே தம்பிதான் போன மாதம் நாலு மில்லியை மொத்தமாகக் கொட்டிவிட்டு, "உங்க காலம் உப்பையே எடுக்கலக்கா" என்று வந்து நின்றான். 2.5 மில்லி ஏற்று, இறங்குவதைக் கொட்டு, 3.5 மில்லி பஃபர் விட்டு, வரும் புரதத்தைப் பிடி. உன் புரதக் கரைசல் 2.5-க்குக் குறைவாக இருந்தால், அது உள்ளே இறங்கியதும் பஃபர் விட்டு 2.5 ஆக்கு. பெட்டிக்குள் வரும் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளில்தான் பஜ்ஜி எண்ணெயை ஒற்றி எடுத்திருந்தார்கள்.

இப்போது புதுக் காலத்தைத் தயார்ப்படுத்த 25 மில்லி பஃபர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பக்கத்தில் ஐஸில் என் புரதம் லேசாகக் கலங்க ஆரம்பித்துவிட்டது. அந்தத் தம்பியோ, "இது முடிஞ்சதும் எனக்குத் தர்றீங்களாக்கா?" என்கிறான்.