மேக்னா கார்ட்டா எல்லாருக்கும் உரிமை குடுத்துச்சா?
"1215லயே இங்கிலாந்து ராஜா ஜான் மேக்னா கார்ட்டாங்கிற சாசனத்துல கையெழுத்து போட்டு எல்லா மக்களுக்கும் சம உரிமை குடுத்துட்டாரு"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. இது தப்புங்க.

முதல்ல அவரு கையெழுத்தே போடல, மெழுகுல ராஜ முத்திரைதான் வெச்சாங்க, பேனாவும் கையுமா உக்காந்திருக்கிற படமெல்லாம் பின்னாடி வரைஞ்சது. வரியும் சண்டைச் செலவும் தாங்காம எதிர்த்து நின்ன பிரபுக்களோட ரன்னிமீடுங்கிற இடத்துல போட்ட ஒப்பந்தம் அது. 39வது பிரிவு, சட்டப்படி தீர்ப்பு இல்லாம பிடிச்சு உள்ள போடக்கூடாதுன்னு சொல்லுது, ஆனா யாரை? 'சுதந்திர மனுஷன'. அப்போ கிராமத்துல ஏகப்பட்ட பேரு வில்லன்னு சொல்ற பண்ணையாளுங்க (நம்ம சினிமா வில்லன் இல்ல), 'சுதந்திர மனுஷன்' கணக்குலயே வராதவங்க, பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும்னாக்கூட பண்ணையாருக்குக் காசு கட்டணும், அவர் மேல ராஜா கோர்ட்டுல கேஸ் போடவும் முடியாது. இவங்களுக்குன்னு 20வது பிரிவுல கிடைச்சது, அபராதம் போட்டாலும் உழவுப் பொழப்பை பறிக்காதீங்கங்கிற அளவுதான்.

அதுவும் ரெண்டே மாசத்துல, ஆகஸ்ட்லயே போப் மூணாம் இன்னசென்ட் செல்லாதுன்னுட்டாரு. ஜான் செத்தப்புறம் 1216, 1217, 1225னு மாத்தி மாத்தி வெளியிட்டாங்க, சட்டப் புத்தகத்துல நின்னது அந்த 1225 வடிவம்தான்.