காட்டுக்கீரைக்கு டப்பா எதற்கு?

மூக்கிரட்டைக்கீரைப் பொடியை டப்பாவில் அடைத்து, "சிறுநீரகத்தின் காவலன்" என்று மேலே எழுதிய விளம்பரம் ஒன்று கொஞ்ச நாளாக என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து எந்தத் திக்கில் வண்டியை விட்டாலும் ஊர் தாண்டியதும் செம்மண்ணில் படர்ந்து கிடக்கிற செடி அது. மிதித்துக்கொண்டு போவோம். இப்போது கூரியரில் வருகிறது.

என் கட்சி இதுதான். காட்டுக்கீரையை முதலில் இல்லாதவர் வீட்டுச் சாப்பாடு என்று ஒதுக்கினோம். இப்போது மருந்து என்று தலையில் தூக்கி வைக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் அது ருசியான ஒரு சாப்பாடு என்பதே மறந்துபோனது.

ஒதுக்கினது இன்று நேற்று நடந்ததில்லை. சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வரும். பசியில் வாடும் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைக்கிறாள். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வாசலை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அந்தக் கூச்சம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று எந்த வீட்டிலாவது இலையில் குப்பைக்கீரை விழுந்து பார்த்திருக்கிறீர்களா?

செட்டிநாட்டுச் சமையல் என்று பலகை மாட்டிய ஓட்டல்களை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகுக்கோழி, சுக்கா, நண்டு, காடை. கல்பாசியும் மராட்டி மொக்கும் மணக்கிற மசாலா. குறை சொல்லவில்லை, நானும் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறவள்தான். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளின் அடுப்படியில் வாரத்தில் பாதி நாள் நடந்தது மண்டிக்குழம்பு, தண்ணிச்சாறு, துவட்டல் (பொரியல்), துவையல். கானாடுகாத்தானுக்குப் பழைய செட்டிநாட்டு மாளிகைகளைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களிடம் கறுப்புக் கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்த கதையைத் தவறாமல் சொல்கிறார்கள். கண்மாய்க்கரையிலிருந்து மடியில் வந்த கீரையின் கதையை யாரும் சொல்வதில்லை. விருந்துக்கு ஆகாதது சுற்றுலாவுக்கும் ஆகாது போல.

கீரை எப்போது, எங்கே வரும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆடிப்பட்டத்தில் மானாவாரியாகக் கடலை போட்ட கொல்லையில் (எங்கள் பக்கம் புன்செய் நிலத்துக்கு அதுதான் பேர்) முதல் களை எடுக்கிற சமயம்தான் பண்ணைக்கீரைக்கும் தொய்யக்கீரைக்கும் நேரம். களையெடுக்கப் போன பெண்கள் சாயங்காலம் மடி நிறையக் கொண்டுவருவார்கள். கொல்லைக்காரருக்குக் களை, இவர்களுக்குக் குழம்பு. குப்பைக்கீரைக்குக் கொல்லைகூட வேண்டாம், எருக்குழி ஓரம் போதும். ஐப்பசி மழையில் கண்மாயில் தண்ணீர் ஏறினால் கரையோரச் சேற்றில் ஆரைக்கீரையும் நாட்டுப் பொன்னாங்கண்ணியும் தலைகாட்டும். (கடையில் சிவப்பாக விற்கிறது சீமைப் பொன்னாங்கண்ணி. அழகுக்கு வளர்க்க வெளியிலிருந்து வந்த செடி அது. சாப்பிடலாம், ஆனால் நாட்டுச்செடி வேறு.) வேலிகளில் முடக்கத்தான், தூதுவளை, முசுமுசுக்கை, கோவை. பிரண்டை கேட்பாரில்லாமல் எல்லா மாதமும் கிடக்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் இப்போது மிகக் கொஞ்சம். எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கார அக்காவுக்குத் தெரியும். ஒருமுறை இன்னொரு கட்டு பண்ணைக்கீரை கேட்டேன். "வேணாம் ஆச்சி, பூ வச்சுருச்சு. இனி அது ஆட்டுக்குத்தேன்" என்று விற்காமலே போய்விட்டார். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கதிர் விட்ட பண்ணை நார் ஏறி, சக்கையாக வாயில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். விற்கிற பொருளைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசுகிற வியாபாரி வேறு எந்தக் கடையில் இருக்கிறார் சொல்லுங்கள்.

இனி சமையல். தனியாகச் சமைத்தால் சில கீரை சப்பென்று இருக்கும், சில கசக்கும், சில வழவழக்கும். அதனால்தான் கலவைக்கீரை. குப்பைக்கீரையும் தொய்யலும் பெரும்பங்கு, பண்ணை ஒரு பங்கு, மூக்கிரட்டைக் கொழுந்து ஒரு கைப்பிடி, கிடைத்தால் கொஞ்சம் பருப்புக்கீரை. கசப்புக்கீரை தெரிய வேண்டும், ஆனால் மேலோங்கக் கூடாது. நறுக்குவதற்கு முன்னால் அலசுங்கள். நறுக்கிவிட்டு அலசினால் தண்ணீரில் கரைகிற சத்து தண்ணீரோடே போய்விடும். எங்கள் பக்கம் மண் நைசாக ஒட்டும், பாத்திரத்தின் அடியில் மணல் தங்காத வரைக்கும் தண்ணீரை மாற்ற வேண்டும். பாசிப்பருப்பு முக்கால் பதம் வெந்ததும் கீரை, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சைமிளகாய். மூடி போடாதீர்கள். மூடி போட்டால் கீரையிலிருந்து ஆவியாகும் அமிலம் உள்ளேயே தங்கிப் பச்சையைப் பழுப்பாக்கிவிடும். உப்பு கடைசியில். கீரை வெந்து சுண்டின பிறகுதான் அளவு தெரியும். மத்தால் கடைந்தால்தான் மசியல். மிக்ஸியில் போட்டால் அது பச்சைப் பசை, அதற்கு நான் பொறுப்பில்லை.

மசியல் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் கெட்டிக்காரத்தனம் கீரை மண்டியில் இருக்கிறது. அரிசி கழுவின முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது கழுவலை எடுத்துவைப்பார்கள், அதுதான் மண்டி. நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கொஞ்சம் வெந்தயம், கிள்ளின வரமிளகாய் தாளித்து, முழுச் சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கினதும் கீரையைப் போட்டுப் பிரட்டி, மண்டித் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிடணும். பொடி எதுவும் கிடையாது. கீரை வெந்ததும் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வருவதற்கு முன்னால் இறக்கிவிடணும். கொதித்தால் திரிந்துவிடும். மணத்தக்காளிக்கீரைக்கு இதுதான் சரியான சமையல் என்பேன். மண்டியின் மாவுத்தன்மை குழம்புக்கு உடம்பு கொடுக்கிறது, தேங்காய்ப்பால் கசப்பை முரட்டுத்தனம் இல்லாமல் அடக்குகிறது. கீரையில் இருக்கிற கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும் என்று ஊட்டச்சத்து படித்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் ஆயா அதையெல்லாம் படித்ததில்லை, வாய்க்கு நன்றாக இருந்ததால் செய்தார். இரண்டும் ஒரே சட்டியில் முடிந்தது.

முடக்கத்தான் என்றால் தோசைதான். ஊறின அரிசி, கொஞ்சம் உளுந்து, வெந்தயத்தோடு இரண்டு கைப்பிடி இலையைப் பச்சையாகப் போட்டு அரைப்பது. வார்க்கும்போது ஒரு பச்சை நெடி அடிக்கும், வெந்ததும் போய்விடும். காரமான மிளகாய்ச்சட்னி இல்லாமல் குழந்தைகள் தொடமாட்டார்கள்.

பிரண்டையை யார் வீட்டிலாவது முதல்முறை செய்யப்போகிறீர்கள் என்றால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அதிலிருக்கிற ஆக்சலேட் ஊசிப்படிகங்கள்தான் அரிப்புக்குக் காரணம். இளங்கொடியாகப் பார்த்து, கணுவை நீக்கி நாரை உரித்து, எண்ணெயில் நிறம் மாறும் வரைக்கும் பொறுமையாக வதக்கணும். அவசரப்பட்டால் தொண்டை சொல்லும். வறுத்த உளுந்து, வரமிளகாய், தாராளமாகப் புளி சேர்த்து அரைத்த துவையலுக்குச் சுடுசோறும் நல்லெண்ணெயும் போதும்.

சரி, சத்து. சத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், 2019-21ல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டுக்கு மேல் இரத்தசோகை. பாதிக்கு மேல். இந்த நிலைமையில் காசில்லாமல் கிடைக்கிற கீரையைக் காலால் ஒதுக்குவது அநியாயம். இரும்பு, கால்சியம், ஃபோலேட், கரோட்டின், நார்ச்சத்து எல்லாம் உண்டு. பருப்புக்கீரையில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலம்கூட இருக்கிறது, கீரைகளில் அந்த அளவுக்கு இருப்பது அபூர்வம்.

ஆனால் "ஒரு கட்டுக் கீரை, ஒரு மாத இரும்பு" என்று படம் போட்டு அனுப்புகிறார்களே, அது பொய். செடியில் இருக்கிற இரும்பில் பெரும்பகுதியை உடம்பு எடுத்துக்கொள்வதில்லை. பொதுவாகப் பத்தில் ஒரு பங்குகூடச் சேராது. எலுமிச்சை பிழிந்துகொண்டால், பக்கத்தில் நெல்லிக்காய் வைத்துக்கொண்டால் கூடும். சாப்பிட்ட கையோடு காப்பியோ டீயோ குடித்தால் குறையும். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் 528 உணவுகளை அளந்து அட்டவணை வெளியிட்டது. டப்பாவில் எழுதியிருக்கிற எண்ணை நம்புவதற்கு முன் அதை ஒருதரம் புரட்டிப் பார்க்கலாம். அப்புறம், காயவைத்துப் பொடியாக்கினால் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். இரும்பைச் சேர்த்துக்கொள்ள உதவுகிற பொருளைத் தொலைத்துவிட்டு இரும்பை விற்கிறார்கள்.

மூக்கிரட்டைக்கு வருவோம். சித்த வைத்தியத்தில் அதற்கு இடம் உண்டு, வேரை எப்படி, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று படித்தவர்கள் கொடுப்பார்கள். நாமே டப்பா வாங்கி நாமே சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்ப்பது வேறு விஷயம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குக் கீரையில் இருக்கிற பொட்டாசியமே ஆபத்தாகலாம், டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இதை மருத்துவர்கள் கண்டிப்போடு சொல்வார்கள். கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்கள் குப்பைக்கீரை, பருப்புக்கீரை, புளியாரை மாதிரியானவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் ஆக்சலேட் ஓரளவு குறையும், ஆனால் சத்தும் கூடவே வடியும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினம் கீரை என்று ஆரம்பிக்கக் கூடாது. கீரையிலிருக்கிற வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். போன பதிவுக்கு உள்பெட்டியில் வந்த கேள்விகளில் பாதி, "அக்கா, சுகருக்கு எந்தக் கீரை?"

வீட்டில் அப்பத்தா சொன்ன மருந்து வாக்கியங்களை நான் கேலி செய்யவில்லை. சளி பிடித்தால் தூதுவளை ரசம் எங்கள் வீட்டிலும் உண்டு. இருமல் குறைந்ததோ இல்லையோ, மிளகும் பூண்டும் போட்ட சூடான ரசம் தொண்டைக்கு இதமாக இருந்தது. அந்த அளவுக்குத்தான் அப்பத்தாவும் சொன்னார். புற்றுநோயைப் போக்கும் என்று அவர் சொல்லவில்லை, அதை வாட்ஸ்அப்தான் சொன்னது. இராத்திரியில் கீரை ஆகாது என்பதுகூட விளக்கு வெளிச்சத்தில் புழு பூச்சி தெரியாது என்பதற்காக வந்த வழக்கம் என்றே நினைக்கிறேன். எல்.ஈ.டி. வந்த பிறகும் விடாமல் வைத்திருக்கிறோம்.

உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கொல்லையில் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று களைக்கொல்லி அடிக்கிறார்கள். சில மருந்து அடித்து இரண்டு நாளானாலும் செடி கருகாமல் பச்சையாகவே நிற்கும். பார்த்தால் தெரியாது. தெரியாத கொல்லையில், தெரியாத வரப்பில் கிள்ளாதீர்கள், கொல்லைக்காரரைக் கேட்டுவிட்டுக் கிள்ளுங்கள். சாக்கடை ஓரத்துக் குப்பைக்கீரை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வேண்டாம். நிலத்திலும் தண்ணீரிலும் இருக்கிற ஈயம், காட்மியம் மாதிரியான உலோகங்களைக் கீரை உறிஞ்சிக்கொள்ளும். நெடுஞ்சாலை ஓரமும் அப்படித்தான். பெயர் உறுதியாகத் தெரியாத செடியைப் படத்தை மட்டும் பார்த்து அடுப்பில் ஏற்றாதீர்கள். செயலி சொல்லும் பெயரைவிடக் கீரைக்கார அக்கா சொல்லும் பெயரை நம்புவேன்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சிவகங்கைப் பக்கம் எத்தனை கண்மாயின் உள்வாயில் இன்று அது தவிர வேறு எதையாவது பார்க்க முடிகிறது? 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னது, ஊரூராய் பொக்லைன் ஓடியது, வேரைப் பிடுங்காத இடத்திலெல்லாம் மறுபடி தழைத்துவிட்டது. அதனடியில் ஆரையும் பொன்னாங்கண்ணியும் எங்கே வரும்? விதைப்பு நின்ற கொல்லையிலும் அதுவே ஏறுகிறது. களை எடுக்கிற கொல்லை இருந்தால்தான் களைக்கீரை உண்டு. விவசாயம் போனால் கீரையும் போய்விடும். காட்டுக்கீரை என்று பேர், ஆனால் காட்டைவிட உழுத நிலத்தை அண்டித்தான் அது பிழைக்கிறது.

நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், வரத்துக்கால் ஓரத்தில் இன்ன இடத்தில் இன்ன கீரை என்று விரல் விட்டுச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் இவர்களை ஒரு மணி நேரம் பேசவைக்கலாம் என்று நான் ஓரிடத்தில் சொன்னபோது சிரித்தார்கள். "மூலிகைத் தோட்டம்" என்று பலகை வைத்துத் துளசியும் ஓமவல்லியும் நட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அதுவும் மருந்து.

மாடித்தொட்டிகளில் மூன்று நான்கை நான் களை எடுக்காமல் விட்டிருக்கிறேன். கொல்லை மண்ணும் எருவும் போட்டது மட்டும்தான் என் வேலை, விதை போடவில்லை. மழை பெய்ததும் குப்பைக்கீரை முதலில் வந்தது, அப்புறம் பருப்புக்கீரை, ஓரமாய் ஒரு மூக்கிரட்டை. பறித்துக் கலவையாக்கினால் இரண்டு பேருக்கு ஒரு வேளை மசியல் ஆகும். கூடவே கீழாநெல்லியும் முளைக்கிறது. அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிடுவேன். அது குழம்புக்கு ஆகாது, வைத்தியர் பார்த்துக்கொள்ளட்டும்.